டெயில் லைட் மங்கலா? முதலில் எர்த்தைப் பாருங்கள்

அம்பாசடர், பத்மினி மாதிரி பழைய வண்டியில் டெயில் லைட் அழுதுவடிந்தால் உடனே பல்ப் வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு பல்ப் மாட்டும் ஹோல்டரில், அதன் எர்த்தில்தான் (மின்சாரம் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு). லைட்டைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் உலோகப் பகுதியிலும் மற்றதை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. துருவை எமரி தாளால் தேய்த்து, ஹோல்டரிலிருந்து பாடிக்குத் தனி எர்த் வயர் கொடுங்கள். உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து முனை கறுத்திருந்தால் ஹோல்டரையே மாற்றிவிடலாம். விலை ஒன்றும் பெரிதில்லை.

எல்இடி வேண்டுமா? 21/5 வாட் இரட்டை இழை பல்புக்கு (பிரேக்குக்கு 21, டெயிலுக்கு 5) மாற்றாக வருவதைக் கேளுங்கள். சிவப்பு லென்ஸுக்குச் சிவப்பு எல்இடிதான். வெள்ளை போட்டால் வெளிறிப்போகும். பல்பின் இரு பின்களும் ஒரே உயரத்தில் இருக்காது, திருப்பிப் போட்டு அழுத்தாதீர்கள். இண்டிகேட்டரையும் மாற்றினால் அதை மினுக்கவைக்கும் பழைய ஃபிளாஷர் ஒத்துழைக்காது, எல்இடி ஃபிளாஷர் போடுங்கள்.