மாற்று ஆசிரியர்களும் சங்கமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுப்பில் போனவரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள வரும் மாற்று ஆசிரியருக்கு ஆசிரியர் அறையில் தனக்கென்று ஒரு நாற்காலிகூட இருக்காது. எந்தப் பள்ளிக்குப் போனாலும் கூடவே வருவது ஆசிரியர் சங்க உறுப்பினர் அட்டைதான். அதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

“நான் தற்காலிகம்தானே, எனக்கு எதற்குச் சங்கம்?” என்ற நினைப்பே முதல் தவறு. எந்தப் பாகுபாடும் இல்லாமல், முன் அனுமதியும் இல்லாமல், தொழிலாளர்கள் தாம் விரும்பும் சங்கத்தில் சேரலாம் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87-ஆவது உடன்படிக்கை (1948). நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை இல்லை. சேர்ந்ததற்காகப் பழிவாங்கக் கூடாது என்கிறது 1949-இன் 98-ஆவது உடன்படிக்கை. ஆனால் மாற்று ஆசிரியரைப் பழிவாங்க யாரும் பணிநீக்க உத்தரவு போட வேண்டியதில்லை. கூப்பிடாமல் விட்டாலே போதும். அதனால் எந்தப் பள்ளி எத்தனை முறை அழைத்தது, எப்போது நிறுத்தியது என்பதைக் குறித்து வையுங்கள்.

பிரச்சினை வந்தபின் சேர ஓடுவது அடுத்த தவறு. சேர்வதற்கு முன்பே தொடங்கிய வழக்குகளுக்குப் பல சங்கங்கள் சட்ட உதவி தருவதில்லை. சேர்ந்தவர்களும் தம்மை அறியாமலே வெளியே போய்விடுவதுண்டு. சந்தா பல இடங்களில் சம்பளத்தில் பிடிக்கப்படும். நீண்ட விடுமுறையில் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை, சந்தாவும் போகாது. இது என்னை மிகவும் வருத்தும் விஷயம். வேலையில்லாத மாதங்களில் உறுப்பினர் நிலை என்ன ஆகும் என்று சேரும் அன்றே கேளுங்கள். மாற்று ஆசிரியருக்கெனக் குறைந்த சந்தாப் பிரிவு இருக்கிறதா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். பள்ளிகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாக வேலை செய்பவர்கள், பள்ளி நிர்வாகத்தோடு சங்கம் போட்ட ஊதிய ஒப்பந்தம் தமக்கும் பொருந்தும் என்று நம்பிவிட வேண்டாம், பொருந்தாமலும் போகலாம்.

ஒரே வகுப்பைத் தொடர்ந்து பல வாரம் எடுப்பவர்கள் நாள்களின் எண்ணிக்கையில் கவனமாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் தொடர்ந்தால் ஊதிய விகிதம் உயரும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். நடுவே ஒரு நாள் இடைவெளி விழுந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கலாம். தேதி, வகுப்பு, பாடவேளை, அழைத்தவர் பெயர், கடைசி நேரத்தில் ரத்தான அழைப்பு எல்லாவற்றையும் அன்றன்றே எழுதிவிடுங்கள். முறையீடு செய்யக் கெடு உண்டு, பல இடங்களில் அது சில வாரங்கள்தான். வாட்ஸ்அப் குழுவில் புலம்பியது முறையீடு ஆகாது. சங்கப் பொறுப்பாளருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, மாணவர் யாராவது புகார் சொல்லும்போது தனியாகப் போய் உட்கார்ந்து விளக்கம் எழுதிக் கொடுப்பது. புதிய பள்ளியில் உங்களை அறிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள், உங்களுக்காகப் பேசவும் ஆள் இருக்காது. “மறைக்க என்ன இருக்கிறது?” என்று பதற்றத்தில் எழுதிய நான்கு வரி பிறகு உங்களுக்கே எதிராக நிற்கும். “சங்கப் பிரதிநிதி வந்தபின் பேசுகிறேன்” என்று பணிவாகச் சொல்லுங்கள். அந்தப் பிரதிநிதியின் எண் இன்றே உங்கள் கைப்பேசியில் இருக்கட்டும்.