12 வோல்ட் மோட்டாரின் வேகத்தைக் குறைப்பது எப்படி?

மோட்டாருக்குத் தொடரில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டால் வேகம் குறையும்தான், ஆனால் மின்சக்தியில் ஒரு பகுதி சூடாகவே போய்விடும், லேசாகச் சுமை ஏறினாலே மோட்டார் திணறி நின்றுவிடும். அதைவிட பிடபிள்யூஎம் நல்லது: மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு தடவை நிறுத்தி நிறுத்திக் கொடுப்பது. பாதி நேரம் ஆன், பாதி நேரம் ஆஃப் என்றால் மோட்டாருக்குச் சராசரியாக 6 வோல்ட்.

இதை அர்டுயினோ ஊனோவால் (புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன போர்டு) செய்யலாம், ஆனால் அதன் பின்னில் மோட்டாரை நேரடியாக மாட்டாதீர்கள், ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. நடுவில் ஒரு மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர்; கேட், டிரெயின், சோர்ஸ் என்று மூன்று கால்கள்) வேண்டும். ஐஆர்எல்இசட்44என் என்று கேட்டு வாங்குங்கள். 'எல்' இல்லாத ஐஆர்எஃப்இசட்44என் 5 வோல்ட்டில் முழுசாகத் திறக்காது, சூடாகும் (ஒன்றை நான் அப்படித்தான் கருக்கினேன்).

ஊனோவின் 9ஆம் பின்னிலிருந்து 220 ஓம் ரெசிஸ்டர் வழியாக கேட்டுக்கு, கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம், சோர்ஸ் கிரவுண்டில், டிரெயின் மோட்டாரின் மைனஸில், அப்புறம் மோட்டாரின் பிளஸ் நேராக 12 வோல்ட்டுக்கு. இரண்டு சப்ளையின் கிரவுண்டையும் சேர்க்க மறக்காதீர்கள். மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடுவது) கட்டாயம், கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். 1 ஆம்பியருக்குள் ஓடும் சின்ன மோட்டார் என்றால் 1என்5819 போதும்.

புரோகிராமில் பிடபிள்யூஎம் அளவைச் சொல்லும் கட்டளையான அனலாக்ரைட்டில் 0 முதல் 255 வரை கொடுக்கலாம். 60க்குக் கீழே உறுமிக்கொண்டு அசையாமல் நின்றால், முதலில் 255 கொடுத்து 100 மில்லிசெகண்ட் கழித்து இறக்குங்கள். கீச்சென்று சத்தம் வருகிறதா? அது 490 ஹெர்ட்ஸின் சத்தம், 9ஆம் பின்னை இயக்கும் டைமர் 1இன் பிரீஸ்கேலரை (கடிகார வேகத்தை வகுக்கும் எண்) 1 ஆக்கினால் 31 கிலோஹெர்ட்ஸுக்குப் போய்விடும், காதுக்குக் கேட்காது.