பனிச்சறுக்குச் சப்பாத்து: ஊரில் அளந்து, மலையில் அணிவது எப்படி

மார்கழி விடுமுறைக்குச் சுவிற்சர்லாந்து, நோர்வே, கனடா என்று உறவினரிடம் போய்வரும் குடும்பங்கள் திருகோணமலையில் இப்போது பல உண்டு. போன இடத்தில் பெறாமக்கள் ஒருநாளாவது பனிமலைக்குக் கூட்டிச் செல்லாமல் விடமாட்டார்கள். குளிர்ச்சட்டையும் கையுறையும் இரவலாகக் கிடைத்துவிடும்; சப்பாத்தை மட்டும் ஒவ்வொருவரும் தம் காலுக்கென்று தேர்ந்தெடுக்க வேண்டும். நான் முதல் தடவை போனபோது, வாடகைக் கடையில் கொடுத்த சப்பாத்து இறுக்கமாக இருப்பதாக எண்ணி, அதைவிடப் பெரியதைக் கேட்டு வாங்கினேன். மூன்றாம் நாள் மாலையில் இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்துவிட்டன; அவை முழுதாக விழுந்து வளர ஏறக்குறைய ஒரு வருடம் சென்றது. பனிச்சறுக்கில் வரும் கால் வேதனைகளில் பெரும்பகுதி சிறிய சப்பாத்தால் அல்ல, பெரிய சப்பாத்தால் வருகிறது என்பதை அதன் பிறகே விளங்கிக்கொண்டேன்.

நம் ஊரவர்கள் இந்தத் தவறைச் செய்வதற்குத் தகுந்த காரணம் இருக்கிறது. வருடம் முழுவதும் செருப்போடு நடக்கிறோம். டச்சுக்குடாவிலும் உப்புவெளியிலும் மணலில் வெறுங்காலோடு திரிகிறோம். கோணேசர் கோயிலுக்குப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறோம். சிறு வயதிலிருந்து வெறுங்காலோடு நடந்து பழகியவர்களின் பாதம் முன்பகுதியில் அகன்றிருப்பது வழக்கம். அத்தகைய காலுக்கு மூடிய சப்பாத்து எதுவுமே நெருக்கமாகத்தான் தோன்றும். அதனால் சரியான அளவை நம் உணர்வு "சின்னன்" என்று தள்ளிவிடும். உணர்வை நம்பாமல் அளவை நம்புவதே இதற்கு வழி, அந்த அளவை இங்கே வீட்டிலேயே எடுத்துவிடலாம்.

அளப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நோர்வேயில் உள்ள உறவினர் "சறுக்கப் போவோம்" என்று சொன்னால், அது பெரும்பாலும் சமநிலத்திலும் காட்டுப்பாதையிலும் நீண்ட தூரம் செல்லும் சறுக்காக இருக்கலாம். அதற்குரிய சப்பாத்து மென்மையானது. குதிகால் சறுக்குப் பலகையிலிருந்து மேலெழும்பும். ஓட்டச் சப்பாத்தைத் தேர்வது போலவே அதைத் தேரலாம். மலைச்சரிவில் இறங்கும் சறுக்குக்கான சப்பாத்து வேறு வகை. கெட்டியான பிளாஸ்டிக் ஓடும், அதற்குள் கழற்றி எடுக்கக்கூடிய மெத்தென்ற உள்ளுறையும் கொண்ட அது, கணுக்காலை முன்னோக்கிச் சற்றுச் சாய்த்த நிலையில் பிடித்துவைத்திருக்கும். முழங்காலை மடித்து முன்கால் எலும்பால் சப்பாத்தின் நாக்கை அழுத்தும்போதுதான் பலகை திரும்பும். சப்பாத்துக்குள் கால் அரை அங்குலம் அசைந்தாலும் அந்த அசைவு முடிந்த பிறகே பலகைக்குச் செய்தி போகும். இந்த வழிகாட்டி முழுவதும் இந்த இரண்டாம் வகையைப் பற்றியதே.

இந்தச் சப்பாத்துகளின் அளவு மொண்டோபொயின்ட் முறையில் குறிக்கப்படுகிறது. பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் எளிது: பாதத்தின் நீளம் சென்ரிமீற்றரில் எவ்வளவோ அதுவே அளவு. ஆகவே நாம் வழக்கமாக வாங்கும் சப்பாத்தின் 8, 42 போன்ற இலக்கங்களை மறந்துவிட்டு, சீமெந்துத் தரையில், சுவரோரம் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, குதிகால் சுவரில் முட்டும்படி நிமிர்ந்து நில்லுங்கள். உடற்பாரம் அளக்கும் காலில் இருக்க வேண்டும். உட்கார்ந்து அளந்தால் நீளம் குறைவாக வரும். பகல் முழுதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மாலை வேளையே பொருத்தமானது. மிக நீண்ட விரல் எது என்று பாருங்கள். பலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். அதன் நுனிக்கு நேரே இன்னொருவரைக் கொண்டு கோடிட்டு, சுவரிலிருந்து அடிமட்டத்தால் மில்லிமீற்றர் வரை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு கால்களையும் அளக்க வேண்டும். விரல்களின் அடியில் பாதம் மிக அகன்ற இடத்தில் குறுக்களவையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 264 மில்லிமீற்றர் என்றால் நீங்கள் கேட்க வேண்டியது 26.5; 27.5 அன்று.

பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 26, 26.5 ஆகிய இரண்டு அளவுகளுக்கும் ஒரே வெளி ஓட்டையே பயன்படுத்துகிறார்கள். வேறுபாடு உள்ளுறையிலோ அதன் அடித்தகட்டிலோதான் இருக்கும். எனவே அரை அளவு மாற்றுவதால் பெரிய மாற்றம் எதுவும் நிகழ்ந்துவிடாது. அகலம், அச்சு என்ற பெயரில், தனியே குறிக்கப்படும்: ஒடுங்கிய அச்சு 98 மில்லிமீற்றர் அளவிலும், நடுத்தர அச்சு 100 அளவிலும், அகன்ற அச்சு 102 அல்லது அதற்கு மேலும் இருக்கும். இவ்விலக்கங்கள் 26.5 அளவுச் சப்பாத்துக்கு உரியவை. சிறிய அளவில் உண்மையான அகலம் அதைவிடக் குறையும். அகன்ற பாதம் உடையவர்கள் கேட்க வேண்டியது அகன்ற அச்சையே. நீளத்தைக் கூட்டி அகலத்தைப் பெற முயல்வதே நம்மவர்கள் வழமையாக விழும் குழி. நானும் அதில்தான் விழுந்தேன். கெட்டித்தன்மையைக் காட்டும் இன்னோர் இலக்கமும் சப்பாத்தில் இருக்கும். ஒரு நிறுவனத்தின் 90 இன்னொரு நிறுவனத்தின் 90க்குச் சமம் அன்று என்பதால், புதிதாகப் பழகுபவர் மென்மையான சப்பாத்து வேண்டும் என்று சொன்னால் போதும்.

வீட்டில் செய்யக்கூடிய இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. கிணற்றடியில் காலை நனைத்து உலர்ந்த சீமெந்தில் ஒரு தடம் பதியுங்கள். பாதத்தின் உட்புற வளைவு தெரியாமல் முழுப் பாதமும் பதிந்தால் அது தட்டையான பாதம். பாரம் ஏறும்போது அது நீண்டு உட்பக்கம் சரியும், கணுக்காலின் உள் எலும்பு ஓட்டில் உரசும். அப்படியானவர்களுக்கு வளைவைத் தாங்கும் பாதத்தாங்கி சப்பாத்துக்குள் அவசியம். மாறாக, புறங்கால் உயர்ந்திருந்தால் சப்பாத்தின் நாக்கு மேலிருந்து அழுத்தும். அடுத்தது குந்தியிருத்தல். இரு பாதங்களையும் ஒட்டிவைத்து, குதிகால் தரையை விட்டெழாமல் குந்தியிருக்க முடிகிறதா என்று பாருங்கள். சந்தையில் குந்தியிருந்து மீன் வெட்டுபவர்களுக்கு இது இயல்பாக வரும். அவர்களின் கணுக்கால் நெகிழ்வு சறுக்குக்கு மிக உகந்தது. குதிகால் எழும்புகிறவர்களுக்குச் சப்பாத்துக்குள்ளும் அது எழும்பும். குதியின் கீழ் சிறிய ஆப்பு ஒன்று வைத்துத் தருமாறு கடையில் கேட்கலாம். இந்த விவரங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அங்கே மொழி இடறினாலும் இலக்கங்கள் பேசும்.

கடையில் முதலில் செய்ய வேண்டியது உள்ளுறையைக் கழற்றி, வெறும் ஓட்டுக்குள் காலை விட்டுப் பார்ப்பது. விரல்கள் முன்பக்கத்தை மெல்லத் தொடும்படி நின்று, குதிகாலுக்கும் ஓட்டின் பின்சுவருக்கும் இடையே எவ்வளவு வெளி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 15 முதல் 20 மில்லிமீற்றர் வரை இருந்தால் பொழுதுபோக்காகச் சறுக்குபவருக்கு அது சரி. 25ஐத் தாண்டினால், அணியும்போது எவ்வளவு இதமாக இருந்தாலும் அது பெரிய சப்பாத்து. வாடகைக் கடையில் கூட்டம் அதிகமாக இருந்தாலும் இந்த ஒரு சோதனையை விட்டுக்கொடுக்காதீர்கள். பிறகு எந்தக் காலுறையாலும் சரிசெய்ய முடியாத தவறு இந்த இடத்தில்தான் நேர்கிறது.

பிறகு உள்ளுறையைப் பொருத்தி, பக்கிள்கள் அனைத்தையும் திறந்து, நாக்கை நன்றாக முன்னே இழுத்துவிட்டுக் காலை நுழையுங்கள். குதிகாலைத் தரையில் இரண்டு மூன்று தடவை தட்டி, அது பின்குழிக்குள் போய் அமர்ந்ததை உறுதிசெய்யுங்கள். மேல் பக்கிள்களை இலேசாகப் போட்டு, முழங்காலை முன்னே சில தடவை மடித்த பின், புறங்காலின் வளைவில் இருக்கும் பக்கிளை இறுக்குங்கள். குதியைப் பின்னே பிடித்துவைப்பது அதுவே. விரலருகே இருக்கும் பக்கிள் மூடினால் போதும், இறுக்கத் தேவையில்லை. அதன் பிறகு மேல் பக்கிள்களையும் பட்டியையும் முன்கால் அசையாதபடி இறுக்குங்கள். நிமிர்ந்து நிற்கும்போது விரல்கள் முன்பக்கத்தைத் தொடும். இங்கேதான் நம்மவர்கள் பயந்துபோய்ப் பெரியதைக் கேட்பார்கள். முழங்காலை மடித்ததும் விரல்கள் பின்வாங்கி விடுபட வேண்டும், குதி எழும்பக் கூடாது. காலைச் சுற்றி எங்கும் ஒரே அளவான இறுக்கம் இருந்தால் அது நல்ல அடையாளம். ஓரிடத்தில் மட்டும் ஊசி போலக் குத்தினால் கெட்ட அடையாளம். பதினைந்து இருபது நிமிடம் அணிந்தபடி நில்லுங்கள். புதிய உள்ளுறை சில நாட்களில் காலுக்கேற்ப நசிந்து இடம்கொடுக்கும். கெட்டியான ஓடு தானாக இடம்கொடுக்காது.

காலுறை, அதாவது மேசு, ஒன்றே ஒன்று; மெல்லியதாக, முழங்கால் வரை நீண்டதாக, கம்பளி அல்லது செயற்கை இழையால் ஆனதாக இருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் குளிரும். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். உள்ளே அணியும் நீண்ட காற்சட்டையின் ஓரத்தைச் சப்பாத்துக்குள் செருகக் கூடாது, ஏனெனில் அந்த மடிப்பு ஒரு மணி நேரத்துக்குள் முன்காலைப் புண்ணாக்கிவிடும்.

கால் வலித்தால் எங்கே வலிக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லும். நகம் கறுப்பது, வழுகி முன்னே போகும் விரல் ஓட்டில் மீண்டும் மீண்டும் மோதி, நகத்தின் கீழ் இரத்தம் கண்டுவதால். பெரிய சப்பாத்தோ, தளர்ந்த பக்கிளோ, வெட்டாத நகமோ காரணம். பயணத்துக்கு ஓரிரு நாள் முன் நகத்தை நேராக வெட்டிவிடுங்கள். முன்கால் எலும்பு கன்றிப்போவதும் அப்படியே: மேற்பகுதி தளர்வாக இருப்பதாலும், பயத்தில் உடலைப் பின்னே சாய்த்துச் சறுக்குவதாலும் கால் நாக்கில் அடிபடுகிறது. பாதம் விறைத்து உணர்விழந்தால், புறங்காலின் மேல் ஓடும் நரம்பும் நாடியும் நசுங்குகின்றன என்று பொருள். பெரிய சப்பாத்தை அணிந்தவர் குதியைப் பிடிப்பதற்காகப் பக்கிளை அளவுக்கு மீறி இறுக்குவதால்தான் இது அதிகமாக நேர்கிறது. சுண்டுவிரலின் பக்கம், கணுக்கால் மொழி, குதியின் பின்மேடு ஆகியவற்றில் ஒரு புள்ளியாக வலித்தால் அது ஓட்டின் வடிவத்தால் வருவது. அனுபவமுள்ள கடைக்காரர் அந்த இடத்தில் ஓட்டைச் சூடாக்கி வெளியே தள்ளியோ, உட்புறத்தைச் சீவியோ தருவார். சொந்தமாக வாங்குபவர்கள் விலையைவிட இந்தத் திருத்த வேலை தெரிந்த கடையையே தேட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வாடகைக்கு எடுத்தவர்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். வேறு அச்சிலான சப்பாத்தை மாற்றித் தருமாறு அன்றே கேளுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம்மிடையே அந்த நோய் இல்லாத குடும்பம் அரிது, நாள்பட்ட நீரிழிவில் பாதத்தின் உணர்வு மங்கிவிடும். சப்பாத்து கடிப்பதும் குளிரில் விரல் விறைப்பதும் தெரியாமல் போகலாம் என்பதால், புறப்படும் முன் மருத்துவரிடம் பாதங்களைக் காட்டுங்கள். மலையில் ஒவ்வோர் இடைவேளையிலும் சப்பாத்தைக் கழற்றி, விரலிடுக்கு உட்பட எல்லா இடத்தையும் கண்ணால் பாருங்கள். யாருடைய விரலாவது வெளிறி, மெழுகு போலாகி, தொட்டால் தெரியவில்லை என்றால், தேய்க்காமலும் நெருப்பருகே காட்டாமலும் உடனே உள்ளே கூட்டிச் சென்று மருத்துவ உதவி பெற வேண்டும்.

பிள்ளைகளுக்கு "வளர்கிற கால்தானே" என்று ஓர் அளவு கூட்டி எடுக்கும் பழக்கம் பள்ளிக்கூடச் சப்பாத்தோடு நிற்கட்டும். தளர்ந்த சப்பாத்தோடு பிள்ளையால் பலகையைத் திருப்பவோ நிறுத்தவோ முடியாது. பிள்ளைகளுக்கு வாடகையே நல்லது. அதேபோல, மச்சானின் பழைய சப்பாத்து நிலவறையில் இருக்கிறது, அளவும் ஒத்துவரும் என்றால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அவருடைய காலுக்கு நசிந்த உள்ளுறை உங்கள் காலைப் பிடிக்காது, நெடுங்காலம் கிடந்த பிளாஸ்டிக் குளிரில் வெடிக்கவும் கூடும்.

சப்பாத்தைத் தேர்ந்தெடுத்த பின்னரே பலகையின் பிணைப்பைச் சரிசெய்ய வேண்டும். விழும்போது காலை விடுவிக்கும் அந்தப் பிணைப்பு, உங்கள் எடை, உயரம், வயது, பழக்கம் ஆகியவற்றோடு சப்பாத்தின் அடிநீளத்தையும் கொண்டு அமைக்கப்படுகிறது. அந்த நீளம் ஓட்டின் குதிப்பக்கத்தில் மில்லிமீற்றரில் பொறிக்கப்பட்டிருக்கும். இடையில் சப்பாத்தை மாற்றினால் பிணைப்பையும் கடையில் மீண்டும் அமைக்கச் சொல்லுங்கள். மலையில் முதல் ஓரிரு இறக்கங்களுக்குப் பின் உள்ளுறை சூடேறி நெகிழும். அப்போது பக்கிளை ஒரு படி இறுக்குங்கள். மதியம் சாப்பிட உட்காரும்போது எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். இரவில் உள்ளுறையைக் கழற்றி, சூடாக்கியின் மேல் வைக்காமல், வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் உலரவிடுங்கள். வாகனத்தின் பின்பெட்டியில் கிடந்த சப்பாத்து காலையில் கல்லாக விறைத்து, கால் நுழையவே மறுக்கும்.