பேர் தெரியாத பாட்டு, ஹார்ன் கச்சேரி: மொத தடவ போறவங்களுக்கு

ஆர்கெஸ்ட்ரான்னு சொன்னா எங்க ஆயாவுக்கு கல்யாண வீட்ல சினிமா பாட்டு பாடுற செட்டு தான் ஞாபகம் வரும். நான் சொல்றது இங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல க்வாசுலு-நாட்டால் ஃபில்ஹார்மோனிக் வெஸ்டர்ன் க்ளாசிக்கல் வாசிப்பாங்களே, அது. நம்மாளுங்க நெறைய இருக்கற சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் ஏரியால இருந்து கம்மியா தான் வர்றாங்க, அதுவும் மொசார்ட், பீத்தோவன் பேர் இல்லாம க்ளியேர், கலினிக்கோவ்னு போட்டிருந்தா யாருப்பா இவங்கன்னு விட்டுடுறோம். என்ன கேட்டா அந்த மாதிரி கச்சேரிக்கு தான் மொதல்ல போகணும், ஹால்ல பாதி பேருக்கு அது புதுசா இருக்கும், நீங்க மட்டும் முழிக்க வேண்டியதில்ல.

ஒரு வாரம் முன்னாடி ப்ரோக்ராம பாத்து, அதுல ஹார்ன் கான்செர்டோ, அதாவது ஹார்ன்ங்கிற பித்தளை ஊதுகருவிய ஒருத்தர் முன்னாடி நின்னு வாசிக்க ஆர்கெஸ்ட்ரா கூட வாசிக்கிற பாட்டு இருந்தா, அத மட்டும் யூடியூப்ல கேளுங்க, எல்லாத்தையும் கேக்க உக்காந்தா தூக்கம் தான் வரும். க்ளியேரோடதுன்னா 1951ல வந்தது, அவருக்கு அப்ப 76 வயசு, மாஸ்கோ பால்ஷாய் தியேட்டர்ல ஹார்ன் வாசிச்ச பொலெக்குக்காக எழுதினாரு. மூணு பகுதி, கிட்டத்தட்ட 25 நிமிஷம். நடுவுல வர்ற மெதுவான பகுதிய சமைக்கும்போது ரெண்டு தடவ ஓட விடுங்க, போதும். வேபர்ங்கிற இசையமைப்பாளரோட கான்செர்டினோன்னா (சின்ன கான்செர்டோ) கடைசி பகுதி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி காத தீட்டி வச்சுக்கோங்க, ஒரு எடத்துல வாசிக்கிறவர் ஊதிக்கிட்டே தொண்டையில ஹம் பண்ணுவாரு, ஒரே ஹார்ன்ல ரெண்டு மூணு சுரம் சேர்ந்து கேக்கும்.

ஹார்ன் நம்ம கோயில் கொம்புக்கு தூரத்து சொந்தம்னு வச்சுக்கலாம், ஆனா சுருட்டி வச்சிருக்காங்க, எஃப் சுருதில இருக்கற ஹார்ன் குழாய நீட்டி விட்டா சுமார் 12 அடி வரும். இடது கை வால்வுல, வலது கை அந்த அகலமான வாய்க்குள்ள. அது வாசிக்கிறவரோட வலது பக்கம் பின்னாடி பாத்து இருக்கும், அதனால அவர் நம்மள பாத்து நின்னா நமக்கு இடது பக்கம் சீட் எடுத்தா கை உள்ள என்ன பண்ணுதுன்னு தெரியும், நான் எப்பவும் அங்க தான் எடுப்பேன். உதட்டால வரவைக்கிற சுரங்கள் மேல போகப் போக ஒட்டி ஒட்டி இருக்கும், உதடு துளி மாறினா பக்கத்து சுரம் வந்துரும். பெரிய ஆளுங்களுக்கே சறுக்கும், அதுக்கு போய் பக்கத்துல இருக்கறவங்கள பாத்து சிரிக்காதீங்க. நடுவுல குழாய கழட்டி தண்ணி கொட்டுவாரு, எச்சின்னு மூஞ்சிய சுளிக்க வேணாம், மூச்சுக்காத்து குளுந்து தேங்குற தண்ணி தான் முக்கால்வாசி.

லேட்டா மட்டும் போகாதீங்க. பொதுவா ஒரு சின்ன பாட்டு, அப்புறம் கான்செர்டோ, இன்டர்வெல், அப்புறம் சிம்பொனின்னு ஆர்கெஸ்ட்ரா மட்டும் வாசிக்கிற பெரிய பாட்டு, அதனால நீங்க பார்க்கிங் தேடிட்டு இருக்கும்போதே ஹார்ன் முடிஞ்சிரும், கதவ மூடிட்டா ஒரு பாட்டு முடியற வரைக்கும் வெளிய தான் நிக்கணும். நகரத்துக்குள்ள ராத்திரி காரை விட்டா தெருவுல நம்ம வண்டிய பாத்துக்கற கார் கார்டுக்கு (car guard) சில்லற ராண்ட் வச்சிருங்க, நாலு பேரா ஊபர்ல போனா இன்னும் நிம்மதி. ட்ரெஸ் பத்தி கவலையே வேணாம், பட்டுப்புடவையும் ஓகே, ஜீன்ஸும் ஓகே.

கை தட்டுறது தான் எல்லாருக்கும் பயம். ஒரு பகுதி முடிஞ்சு அமைதியாகும், அது முடிவு இல்ல, நான் ஒரு தடவ அப்படி ஒத்தையா தட்டிட்டு மீதி கச்சேரி பூரா குனிஞ்சே உக்காந்திருந்தேன். முன்னாடி நின்னு ஆர்கெஸ்ட்ராவ நடத்துற கண்டக்டர் குச்சிய இறக்கி நம்ம பக்கம் திரும்பினா தட்டுங்க, சந்தேகமா இருந்தா பக்கத்து சீட் ஆன்ட்டி தட்டற வரைக்கும் பொறுங்க.

இன்டர்வெல்லோட கெளம்பிடலாமான்னு தோணும். ரெண்டாவது பாதில கலினிக்கோவ் முதல் சிம்பொனி இருந்தா கெளம்பாதீங்க, அந்த மனுஷன் காசநோயில 34 வயசுல போயிட்டாரு, ஆனா அந்த ஆரம்ப மெட்டு கார்ல வீட்டுக்கு வர்ற வரைக்கும் வாயிலயே நிக்கும்.