தமிழ்ப் பாடக் கோப்பை எல்லா மாணவரும் படிக்கும்படி செய்வது எப்படி?

பாடக் குறிப்பை பிடிஎஃப் ஆக்கி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைக்கிறோம். பார்வையற்ற மாணவரின் போன் அதைப் படித்துச் சொல்ல முடியாவிட்டால், அவர் கைக்கு எதுவும் வரவில்லை என்றுதான் அர்த்தம். தம்மால் படிக்க முடிகிற வடிவில் பாடம் கிடைப்பதை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவர்களுடைய உரிமையாகவே வைத்திருக்கிறது. காரைக்குடிப் பக்கத்துப் பள்ளியொன்றில் ‘செட்டிநாட்டு வீடு’ என்று ஒரு பாடம் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். கையில் வேர்டு இருந்தால் போதும்.

1. எழுத்து உண்மையிலேயே தமிழ்தானா?

இதைச் சரிசெய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் பயனில்லை. கோப்பில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோடு, அதாவது எல்லாக் கருவிகளும் தமிழென்றே அறிந்துகொள்ளும் பொதுக் குறியாக்கம். ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துரு. அதில் நம் கண்ணுக்குத் தெரிவது ‘வளவு’ (வீட்டின் நடு முற்றப் பகுதி) என்ற சொல். கணினிக்குத் தெரிவதோ வெறும் ஆங்கில எழுத்துகள். திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானும் அதைத்தான் உளறும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய வினாத்தாள்களும் குறிப்புகளும் இன்னும் பாமினியில் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

வரியைத் தேர்வு செய்யவே முடியவில்லையா? அது ஸ்கேன் செய்த படம். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும். பிறகு ஒருமுறை பிழை பாருங்கள். துணைக்கால் ‘ர’ ஆகியிருக்கலாம்.

2. தலைப்பைத் தலைப்பாக வையுங்கள்

முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று பாடம் பிரிகிறது. இவற்றை வெறுமனே தடித்த எழுத்தாக்கினால் பார்ப்பவருக்கு மட்டும்தான் தலைப்பு. வேர்டின் ஸ்டைல்ஸில் ‘ஹெடிங் 2’ கொடுங்கள் (கன்ட்ரோல், ஆல்ட், 2). என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் மாணவர் எச் விசையைத் தட்டி நேரே இரண்டாங்கட்டுக்குப் போய்விடுவார்.

3. படத்துக்குச் சொல்

படத்தின் மேல் வலது சொடுக்கு, ‘ஆல்ட் டெக்ஸ்ட்’. ‘வீட்டின் படம்’ என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. ‘வளவு: நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதையொட்டி அறைகள்’ என்று எழுதினால் பாடம் புரிகிறது. அந்தப் படத்தை எதற்காக வைத்தீர்களோ அதைச் சொன்னால் போதும். அழகுக்கு வைத்த பூக்கோலத்தை ‘டெகரேட்டிவ்’ என்று குறித்துவிடுங்கள்.

நிறத்தை மட்டும் நம்பி, ‘சிவப்பில் உள்ளவை முக்கியம்’ என்று எழுத வேண்டாம். வெளிர் சாம்பல் எழுத்தும் வேண்டாம்.

4. காணொளி

ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் வண்ணக் கல்) செய்வதைப் படம் பிடிக்கிறீர்கள் என்றால், ‘இதை இப்படி ஊற்றி, அதை அப்படி எடுத்து’ என்று பேசாதீர்கள். ‘கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ண சிமென்டுக் குழம்பை ஊற்றுகிறார், கல்லின் பளபளப்பு இந்தக் கண்ணாடியால்தான் வருகிறது’ என்று பேசினால் பார்வையற்றவருக்கும் வேலை தெரியும். அதே பேச்சைத் தமிழில் தட்டி வசனவரியாகச் சேர்த்தால் காது கேளாதவருக்கும் ஆயிற்று. தானாக வரும் வசனவரி இருந்தாலும், திருத்தாமல் விடாதீர்கள்.

5. பிடிஎஃப் ஆக்கும்போது

‘பிரின்ட் டு பிடிஎஃப்’ வழியே போனால் தலைப்பும் பட விளக்கமும் தொலைந்துபோகும். ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, பிடிஎஃப் தேர்ந்து, ஆப்ஷன்ஸில் ‘டாக்குமென்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ்’ டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கூடவே வேர்டு கோப்பையும் அனுப்புங்கள். எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்களுக்கு அதுதான் வசதி.

6. கேட்டுப் பாருங்கள்

ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பானை இயக்குங்கள். கணினி என்றால் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏவை நிறுவுங்கள். அதோடு வரும் குரலிலேயே தமிழ் உண்டு, கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும், அவ்வளவுதான். திரையைப் பார்க்காமல் பாடம் முழுவதையும் கேளுங்கள். அப்புறம் அந்த மாணவரிடமே கொடுத்து, எங்கே தடுக்கிறது என்று கேளுங்கள். பழைய கோப்புகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டியதில்லை. அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்தில் தொடங்குங்கள்.