சூழலுக்கேற்ற பரிந்துரை: மாடலைத் தொடும் முன்பே நடக்கும் தவறுகள்

நேரம், கிழமை, சாதனம், வானிலை பார்த்து எதைக் காட்டுவது என்று தீர்மானிப்பதே சூழலுக்கேற்ற பரிந்துரை. உணவு ஆர்டர் செய்யும் ஆப் பிற்பகல் மூன்று மணிக்குப் பரோட்டா சால்னாவை முதலிடத்தில் காட்டினால், மாடலை (பழைய ஆர்டர்களில் பழகிக் கணிக்கும் நிரலை) குறை சொல்லும் முன் நேரப் பதிவைப் பாருங்கள். சர்வர் லாக் (சர்வர் எழுதி வைக்கும் பதிவேடு) பெரும்பாலும் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரம் அதைவிட 5:30 மணி முன்னால். பயிற்சிக்கு யுடிசி, காட்டும்போது போனின் நேரம் என்று கலந்துவிட்டால், இரவு 8:30 மணி ஆர்டர்கள் பிற்பகல் 3:00 மணிக் கணக்கில் ஏறும். சனிக்கிழமை அதிகாலை ஆர்டர்களோ வெள்ளிக்கிழமைக்குப் போய்விடும்.

மணியை 0 முதல் 23 வரை வெறும் எண்ணாகக் கொடுப்பதும் தவறு. அடுத்தடுத்துள்ள 23-உம் 0-உம் வெகுதூரமாகத் தெரியும். மணியை 24-ஆல் வகுத்து 2π-ஆல் பெருக்கி, அதன் சைன், கொசைன் இரண்டையும் கொடுங்கள்; மணிகள் கடிகாரம்போல் வட்டத்தில் அமர, 23-உம் 0-உம் பக்கத்தில் வந்துவிடும்.

அதிகம் படுத்துவது டேட்டாவைப் பொடிப்பொடியாக நறுக்குவதுதான். 7 கிழமை, 24 மணி, 3 வகைச் சாதனம், 4 வகை வானிலை: மொத்தம் 2,016 கட்டங்கள். ஒரு லட்சம் ஆர்டர் இருந்தாலும் கட்டத்துக்குச் சராசரியாக ஐம்பதுகூட வராது. மழை நேரத்தில் 3 முறை காட்டி 2 முறை விற்ற மிளகு ரசம், 67 சதவீதம் என்று உச்சியில் ஏறி உட்காரும். அதன் பொதுவான விகிதம் 5 சதவீதம் என்றால், அந்த விகிதத்தில் 50 முறை காட்டியதாகச் சேர்த்துக் கணக்கிடுங்கள்: (2 + 2.5) ÷ (3 + 50), அதாவது சுமார் 8.5 சதவீதம். இது நம்பும்படி இருக்கிறது. கட்டங்களையும் காலை, மதியம், மாலை, இரவு என்று குறைக்கலாம். எல்லாச் சேர்க்கையும் வேண்டும் என்றால், ஸ்டெஃபன் ரென்டில் 2010-இல் முன்வைத்த ஃபேக்டரைசேஷன் மெஷின் (ஒவ்வொரு சேர்க்கையையும் தனியாக எண்ணாமல், அம்சங்களுக்கு இடையிலான தொடர்பைக் கற்கும் மாடல்) பெரும்பாலான கட்டங்கள் காலியாக இருக்கும் இத்தகைய ஓட்டை டேட்டாவுக்கென்றே வந்தது.

முதல் 10 உணவை எடுத்துவிட்டு, மூடிய கடைகளை அதன்பிறகு நீக்காதீர்கள். சில இரவுகளில் இரண்டுதான் மிஞ்சும். 200 எடுத்து, வடிகட்டி, பிறகு 10 காட்டுங்கள்.

சோதனைக்கு டேட்டாவைக் குலுக்கிப் பிரிக்கவே கூடாது. அடுத்த வார ஆர்டரைப் படித்துவிட்டுப் போன வாரத்தைக் கணிக்கும் மாடல் சோதனையில் மதிப்பெண் அள்ளும், நேரில் ஊற்றிக்கொள்ளும். ஒரு தேதிக்கு முந்தையது பயிற்சிக்கு, பிந்தையது சோதனைக்கு. வானிலையிலும் இதே ஏமாற்று உண்டு: பிறகு பதிவான மழையளவை வைத்துப் பழக்காமல், பரிந்துரை போன அந்த நொடியில் சர்வர் கையில் இருந்த மதிப்பையே லாக்கில் எழுதி வையுங்கள்.