எலும்புத் தேய்மான மாத்திரை பலன் தருகிறதா என்பதை மூன்று மாதத்தில் அறியும் முறை

எலும்பு அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேனில் சிகிச்சையின் பலன் தெரிய ஓரிரு ஆண்டுகள் ஆகும். அலென்ட்ரோனேட் போன்ற மாத்திரைகள் எலும்புக் கரைவைத் தடுக்கின்றனவா என்பதையோ மூன்றே மாதங்களில் ரத்தப் பரிசோதனையால் அறியலாம். எலும்பு கரையும்போது ரத்தத்தில் கலக்கும் சி.டி.எக்ஸ்., புது எலும்பு உருவாகும்போது வெளிப்படும் பி1என்பி ஆகியவையே அதற்கான அளவீடுகள்.

முதற்படியாக, மாத்திரையைத் தொடங்குவதற்கு முன்பே ஒருமுறை ரத்தம் கொடுத்துவிடுங்கள். பிறகு ஒப்பிடுவதற்கு அந்த அளவு வேண்டும். அண்மையில் எலும்பு முறிந்திருந்தாலோ, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, முடி வளர்ச்சிக்கென்று பயோட்டின் சாப்பிட்டு வந்தாலோ மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது ரத்தம் எடுக்கும் நேரத்தைத்தான். சி.டி.எக்ஸ். விடியற்காலையில் உச்சத்தில் இருந்து பிற்பகலில் இறங்கும், சாப்பிட்டாலும் இறங்கிவிடும். ஆகவே இரவு உணவுக்குப் பிறகு தண்ணீர் மட்டும் குடித்து, காலை 7.30 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் ரத்தம் கொடுக்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் வருபவர்கள், வழியில் பசியாறாமல் நேரே ஆய்வகத்துக்குச் செல்வது நல்லது.

மூன்று மாதம் கழித்து, அதே ஆய்வகத்தில், அதே நேரத்தில் மறுபடி கொடுங்கள். முதல் அறிக்கையில் 0.62 நானோகிராம் என்றும் அடுத்ததில் 240 பிகோகிராம் என்றும் இருந்தால், அளவு ஏறிவிட்டதென்று பதற வேண்டாம். ஒரு நானோகிராம் என்பது 1000 பிகோகிராம். அதாவது 620 இருந்தது 240 ஆகி, 61 சதவீதம் குறைந்திருக்கிறது. மாத்திரை சாப்பிடுவோருக்கு சி.டி.எக்ஸ். 56 சதவீதத்துக்கு மேலோ, பி1என்பி 38 சதவீதத்துக்கு மேலோ குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று கொள்ளலாம்.

குறையாவிட்டால், மருந்தை மாற்றும்முன் அதை விழுங்கும் விதத்தைக் கவனியுங்கள். காப்பித் தோட்டங்கள் நிறைந்த சேர்வராயன் மலையில் விடிந்ததும் வரக்காப்பி குடிப்பது வழக்கம். அதோடு அலென்ட்ரோனேட்டை விழுங்கினால், உடலில் சேரும் மருந்து ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்துவிடும். வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமலும் வேறெதுவும் சாப்பிடாமலும் இருக்க வேண்டும்.

புது எலும்பை உருவாக்கத் தூண்டும் டெரிபாரடைடு ஊசி போடுவோருக்குக் கணக்கு நேர்மாறானது. அவர்களுக்கு பி1என்பி ஏறுவதே நல்ல அறிகுறி. எலும்புக் கரைவைத் தடுக்கும் டெனோசுமாப் ஊசி போடுவோர், அளவு நன்றாக இறங்கிவிட்டதென்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது. ஊசி நின்றதும் எலும்புக் கரைவு முன்னிலும் வேகமாகி, முதுகெலும்பு முறியும் ஆபத்து உண்டு.